சோறு வரும் பின்னே... சுரப்பு வரும் முன்னே!

1895-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், கொதிக்கக் கொதிக்க இருந்த மட்டி சூப்பை அவசரத்தில் மடக்கென்று விழுங்கிவிட்டான். உணவுக்குழாய் வெந்துபோனது. புண் ஆறும்போது குழாய் ஒட்டிக்கொண்டு, வழியே அடைபட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக உணவு கொடுத்தார்கள் மருத்துவர்கள். அதன் பிறகு ஆயுள் முழுக்க அவருக்கு அந்தத் துளைதான் வாய்.

மருத்துவ நூல்களில் அவருக்கு 'டாம்' என்று மட்டும் பெயர். டாம் வளர்ந்தார், உடலுழைப்பு வேலைகளுக்குப் போனார், குடும்பம் நடத்தினார். வயிற்றில் துளை இருப்பதை வெளியாட்களுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. யார் முன்னாலும் சாப்பிட மாட்டார். அவர் சாப்பிடும் முறை அப்படி. இறைச்சியையும் ரொட்டியையும் எல்லோரையும்போல வாயில் போட்டு, நன்றாக மென்று, ருசித்து, பிறகு அதை ஒரு புனலில் துப்புவார். புனலிலிருந்து ரப்பர் குழாய் வழியாக அது வயிற்றுக்குள் போகும்.

எப்படியும் வயிற்றுக்குத்தானே போகப்போகிறது, நேராகக் கூழாக்கி ஊற்றிவிடலாமே? எதற்கு இந்தச் சிரமம்? டாமின் பதில் எளிமையானது. வாயில் போடாமல் நேராக ஊற்றினால், சாப்பிட்ட திருப்தியே வருவதில்லை.

நியூயார்க்கில் ஸ்டீவர்ட் வுல்ஃப், ஹெரால்டு வுல்ஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் டாமுக்கு ஆய்வகத்திலேயே ஒரு வேலை கொடுத்து, அவருடைய வயிற்றின் உட்சுவரை அந்தத் துளை வழியாகத் தினமும் கவனித்தார்கள். 1943-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். சாப்பாடு என்பது வயிற்றில் தொடங்குவதில்லை, அதற்கு வெகு முன்னாலேயே மூளையில் தொடங்கிவிடுகிறது என்பதற்கு டாமைப்போல உயிருள்ள சாட்சி அதிகம் இல்லை.

சாப்பாடு ஒரு விருந்தாளி அல்ல, வெள்ளம்

பசிக்கும்போது உடலுக்குச் சோறு தேவை. அதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தச் சோறு உள்ளே வரும் விதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும்.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அந்த மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம். ஒரு டீஸ்பூன்! இந்த ஒரு டீஸ்பூன் அளவைக் கூடாமல் குறையாமல் வைத்திருக்கத்தான் கணையமும் கல்லீரலும் இரவு பகலாக உழைக்கின்றன. இப்போது மதியச் சாப்பாடு. கால் கிலோ சோறு என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்கு, கடைசியில் வரும் பாயசம் எல்லாம் தனிக் கணக்கு. அதாவது, ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகமான சர்க்கரை, அடுத்த சில மணி நேரத்தில் உள்ளே இறங்கப்போகிறது. கூடவே உப்பு, கொழுப்பு, தண்ணீர். இவற்றோடு, கழுவினாலும் முழுதாகப் போகாத கிருமிகளும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் வுட்ஸ் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஒரு புதிராகவே முன்வைத்தார். உயிர் வாழச் சாப்பிட்டாக வேண்டும். ஆனால், சாப்பிடும் ஒவ்வொரு முறையும் உடலின் சமநிலை குலைகிறது. இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது உடல்? முன்கூட்டியே தயாராவதன் மூலம்தான் என்பது அவர் சொன்ன விடை. மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்றால் கரையோர ஊர்களுக்கு முன்னதாகவே எச்சரிக்கை போகிறதல்லவா? அப்படி ஒரு தண்டோரா, ஒவ்வொரு வேளையும் மூளையிலிருந்து வயிற்றுக்குப் போகிறது.

மணிக்காக அல்ல, வயிற்றுக்காக

அந்தத் தண்டோராவை முதலில் அளந்து காட்டியவர் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். பாவ்லோவ் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த மணியும் நாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அல்ல. செரிமானம் எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காக. உணவுக்கு முன் மணியோ வேறு ஓசையோ கேட்டுப் பழகிய நாய், பிறகு அந்த ஓசைக்கே எச்சில் ஊறவிடும் என்ற பிரபலமான ஆராய்ச்சியெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருடைய ஆய்வகத்தில் நாய்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். உணவுக்குழாயைக் கழுத்திலேயே வெட்டி வெளியே திருப்பிவிட்டார்கள். நாய் இறைச்சியைத் தின்னும். விழுங்கியது கழுத்துத் துளை வழியாக வெளியே விழுந்துவிடும். வயிற்றுக்கு ஒரு துணுக்குகூடப் போகாது. (இன்றைய ஆய்வு நெறிமுறைக் குழு இதற்கு லேசில் அனுமதி தந்துவிடாது.) அப்படியிருந்தும், நாய் தின்னத் தொடங்கிய ஐந்தாறு நிமிடங்களில் காலி வயிற்றில் இரைப்பை நீர் சுரந்து கொட்டியது. மூளையிலிருந்து வயிற்றுக்குப் போகும் வேகஸ் நரம்பை வெட்டியதும், சுரப்பு நின்றுபோனது. செய்தி எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்பது அத்துடன் தெளிவானது.

பாவ்லோவ் இதற்கு நேர்மாறாகவும் செய்து பார்த்தார். நாய்க்குத் தெரியாமல், அது வேறு கவனத்தில் இருக்கும்போது, வயிற்றில் இருந்த துளை வழியாக நேரடியாக இறைச்சித் துண்டுகளை உள்ளே வைத்தார். இறைச்சி வந்திருப்பதே வயிற்றுக்குத் தெரியாததுபோல இருந்தது. வெகுநேரம் கழித்தும் செரிமானம் மந்தமாகவே நடந்தது. வாயால் தின்ற நாயின் வயிறு அதற்குள் வேலையை வெகுவாக முன்னெடுத்திருந்தது.

ஒரு வேடிக்கை. இப்படிச் சேகரித்த நாயின் இரைப்பை நீரைச் சுத்தப்படுத்தி, செரிமானக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்தாக விற்றது பாவ்லோவின் ஆய்வகம். வாங்கிக் குடிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஆய்வுச் செலவுக்கு அந்தப் பணம் கைகொடுத்தது.

தாளிக்கும் வாசனை என்ன செய்கிறது?

அடுப்படியில் கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலையும் பெருங்காயமும் மணக்கின்றன. கூடத்தில் இருப்பவர் இன்னும் எழுந்துகூட வரவில்லை. அவர் உடலுக்குள் என்னென்னவோ நடக்கத் தொடங்கிவிட்டது.

முதலில் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும் இந்தத் திரவத்தை யாரும் மதிப்பதில்லை. உணவை நனைத்துக் குழைப்பது, மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குவது, பல்லை அமிலத்திலிருந்து காப்பது எல்லாம் அதன் வேலை. மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவியதை நினைத்தாலே வாய் ஊறுவதாகச் சொல்வோம். உண்மையில், மனிதர்களுக்கு வெறும் நினைப்பாலும் பார்வையாலும் கூடும் எச்சில் கொஞ்சம்தான். ஏற்கெனவே வாயில் இருப்பதை அப்போதுதான் கவனிக்கிறோம் என்பதும் அதில் ஒரு பங்கு. நாக்கில் புளிப்பு பட்டு மெல்லத் தொடங்கியதும் ஊறுவதுதான் நிஜமான வெள்ளம்.

எச்சில் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவை தெரிவதில்லை. வாசனையும் ருசியும் மெல்லுவதும் சேர்ந்து வேகஸ் நரம்பைத் தூண்ட, இரைப்பையில் அமிலம் சுரக்க ஆரம்பிக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, உணவு வயிற்றைத் தொடுவதற்கு முந்தைய இந்த ஏற்பாட்டால் வருவதாக மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. கணையம் தன் நொதிகளைக் கொஞ்சமாக அனுப்பத் தொடங்குகிறது. பித்தப்பை மெல்லச் சுருங்குகிறது. காலியாக இருக்கும்போது கைப்பிடி அளவில் சுருங்கிக் கிடக்கும் வயிறு, கவளம் தொண்டையைத் தாண்டும்போதே மேல்பகுதியைத் தளர்த்தி இடம் விடுகிறது. அந்தத் தளர்வு இல்லாவிட்டால் நாலு வாய்க்குள் வயிறு முட்டிக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது இன்சுலின். சர்க்கரை ரத்தத்தில் ஏறியதும் சுரப்பதுதான் இன்சுலின் என்று படித்திருக்கிறோம். ஆனால், சாப்பாட்டை வாயில் வைத்த இரண்டு மூன்று நிமிடங்களில், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, ஒரு சிறிய தவணை இன்சுலின் வந்துவிடுகிறது. உண்மையிலேயே சிறிய தவணைதான். மொத்தச் சுரப்போடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்ட ஆராய்ச்சியாளர்கள், நரம்புச் செய்தியை மருந்தால் தற்காலிகமாகத் தடுத்து, அந்த முதல் தவணை வராமல் செய்து பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறியது. கல்யாண வீட்டில் பந்தி தொடங்கும் முன் நாலு பேர் ஓடிப்போய் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவைப்பது மாதிரி. வேலை சிறிது. அது நடக்காவிட்டால் பந்தியே குழம்பும்.

சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியும் இந்த முன்னேற்பாட்டின் செயற்கை வடிவம்தான். அதில் ஒரு அபாயம் உண்டு. வீட்டில் ஊசியைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே முதல் பந்தியில் இடம் இருக்காது. "அடுத்த பந்தியில உட்காரலாம், பெரியப்பா" என்று யாராவது சொல்ல, முக்கால் மணி நேரம் ஓடிவிடும். தயாரிப்பு நடந்துவிட்டது, சாப்பாடு வரவில்லை. வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் நடுவே மருத்துவர் எத்தனை நிமிடம் சொன்னாரோ அதைத் தாண்டக் கூடாது. இலையைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்வதும் நல்லது.

பசி செத்துப்போவது நிஜமா?

வாசனையே இல்லாவிட்டாலும் உடல் தயாராகும். அதற்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது.

1922-ல் கர்ட் ரிக்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், தினமும் ஒரே நேரத்தில் உணவு பெறும் எலிகள், அந்த நேரம் நெருங்க நெருங்கப் பரபரப்பாக ஓடத் தொடங்குவதைக் கவனித்தார். தட்டு வரவில்லை, வாசனை இல்லை, எலிக்கு நேரம் மட்டும் தெரிந்திருந்தது. மாடு வளர்ப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தியல்ல. தவிடும் புண்ணாக்கும் வைக்கும் நேரத்துக்குக் கொட்டிலில் கேட்கும் 'அம்மா'வே போதும்.

மனிதர்களில் இந்தக் கடிகாரத்தின் ஒரு முள், கிரெலின் என்ற ஹார்மோன். 1999-ல் ஜப்பானில் மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா ஆகியோரின் குழு இதைக் கண்டுபிடித்தது. பெரும்பாலும் வயிற்றில் சுரந்து, ரத்தத்தின் வழியாக மூளைக்குப் போய்ப் பசியைத் தூண்டும் ஹார்மோன் இது. சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்பதை அந்தந்த நபரின் பழக்கத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்குப் பன்னிரண்டரையை ஒட்டி, மூன்று மணிக்குச் சாப்பிடும் கடைக்காரருக்கு மூன்றை ஒட்டி.

ஆச்சரியம் இதற்குப் பிறகுதான். நாள் முழுக்க எதுவுமே சாப்பிடாமல் இருந்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோதும், வழக்கமான சாப்பாட்டு நேரங்களில் கிரெலின் ஏறியது. சாப்பிடாமலேயே, சற்று நேரத்தில் தானாக இறங்கவும் செய்தது. வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு மூன்று மணிக்கு, "பசி செத்துப்போச்சு, வேண்டாம்" என்பவர்களை அம்மாக்கள் நம்புவதில்லை. நம்பலாம். நிஜமாகவே செத்துத்தான் போயிருக்கிறது. ஆனால், உடலின் தேவை சாகவில்லை. எச்சரிக்கைக் குரல் மட்டும்தான் ஓய்ந்திருக்கிறது. வாரத்தில் ஏழு நாளும் ஏழு நேரத்தில் சாப்பிடுபவரின் உடல், எந்த நேரத்தைத்தான் மனப்பாடம் செய்யும்?

கையில் போன், தட்டில் சோறு

பாவ்லோவின் சொற்பொழிவுகள் 1897-ல் புத்தகமாக வந்தன. தின்பதில் விருப்பமும் கவனமும் இல்லாவிட்டால் வயிற்றின் முதல் சுரப்பே வராது என்று அதில் அவர் அழுத்திச் சொன்னார். வேலை நினைப்பிலேயே மூழ்கி, என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்பவர்களைப் பற்றியும் கவலைப்பட்டார். செல்போன் இல்லாத காலத்திலேயே இந்தக் கவலை!

இன்று பல வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டுவது கார்ட்டூன்தான். குழந்தையின் கண் திரையில் இருக்கிறது, வாய் தானாகத் திறக்கிறது, அம்மா உருண்டையைத் திணிக்கிறார். கிண்ணம் காலியாகிறது. அம்மாவுக்கு நிம்மதி. அந்தக் குழந்தை பார்த்தது பூனையையும் எலியையும், பருப்புச் சோற்றை அல்ல. மெல்லுவதும் ருசிப்பதும் இருப்பதால் வயிற்றுக்குச் செய்தியே போகவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால், அந்த நிறமும் வாசனையும் ருசியும் ஒரு சாப்பாடாக மனதில் பதியாமல் போகின்றன. கவனம் வேறெங்கோ இருக்கும்போது பெரியவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், அந்தச் சாப்பாடு சரியாக நினைவில் நிற்காததால் அடுத்த வேளையும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "எவ்வளவு போட்டாலும் இறங்குது" என்று அம்மா சந்தோஷப்படும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

போன் இதற்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ராத்திரி பதினொரு மணி. வயிறு நிறைந்த ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் உருகும் வீடியோவைப் பார்க்கிறார். அடுத்து பிரியாணிக் குண்டானின் மூடி திறக்கிறது. உணவுப் படங்களைப் பார்த்தாலே கிரெலின் ஏறக்கூடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். உடலுக்கு இது வீடியோ என்று தெரியாது. தண்டோரா போட்டாயிற்று, வெள்ளம் வரவில்லை. பிறகு என்ன, எழுந்துபோய் பிரிட்ஜைத் திறக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மனநிலை வயிற்றை என்ன செய்யும் என்பதற்கு மீண்டும் டாமிடம்தான் போக வேண்டும். ஒருநாள் அவர் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, மருத்துவர் ஒருவர் முக்கியமான தாளைக் காணோம் என்று கோபமாக உள்ளே வந்து இழுப்பறைகளைக் குடைந்தார். அதைத் தொலைத்தது தானோ, வேலை போய்விடுமோ என்று டாமுக்குப் பயம். துளை வழியே தெரிந்த வயிற்றின் உட்சுவர் வெளுத்துப்போனது, அமிலமும் குறைந்தது. இன்னொரு முறை, வேலை சரியில்லை என்று ஒருவர் குறைசொல்ல, டாமுக்கு ஆத்திரம். வெளியே அமைதியாகத்தான் இருந்தார். வயிறு மட்டும் சிவந்து அமிலத்தைக் கொட்டியது. மார்க் ஷீட் பஞ்சாயத்தைத் தட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் அப்பாக்கள் டாமின் வயிற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். திட்ட வேண்டியதைக் கை கழுவிய பிறகு திட்டினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்து, எல்லாம் பரிமாறி முடியும்வரை கை வைக்காமல் காத்திருக்கும் வழக்கம் வயிற்றுக்கு நல்ல அவகாசம் தருகிறது என்பது உண்மை. உடனே, 'அன்றே வேகஸ் நரம்பை அறிந்த நம் முன்னோர்' என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட வேண்டாம். பெரியவர்கள் உட்காரட்டும் என்ற மரியாதைக்காகக் காத்திருந்தார்கள். வயிற்றுக்குக் கிடைத்தது இலவச இணைப்பு.

ருசி போனவர்களுக்கு

இந்த முன்னேற்பாட்டின் அருமை, அது இல்லாமல்போகும்போதுதான் தெரியும். கொரோனாவில் வாசனை போனவர்களுக்கு நன்றாகவே தெரியும். மல்லி வாசனை இல்லாத ரசம் வெறும் புளிப்புச் சுடுதண்ணீர். சாப்பாட்டு நேரம் வந்தாலும் உட்காரத் தோன்றாது.

முதியவர்கள் பலர் இந்த நிலையில்தான் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். வயதாக ஆக மோப்பம் குறைகிறது. சிலவகை ரத்த அழுத்த மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கான மாத்திரை போன்றவை வாயை உலர்த்துகின்றன. "எதுவுமே ருசிக்கலைம்மா" என்று பாட்டி தட்டைத் தள்ளும்போது, சமைத்த மருமகளுக்குச் சுருக்கென்கிறது. அது சமையல் மீதான விமர்சனம் அல்ல. தண்டோரா போடுபவரின் குரல் கம்மிவிட்டது, அவ்வளவுதான். ஆறிப்போனதை அறைக்குக் கொண்டுபோய் வைப்பதைவிட, தாளிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, யாராவது கூட உட்கார்ந்து கொடுத்தால் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். வாய் ரொம்பவே உலர்ந்தால் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். தானாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது.

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர்களிடம் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" குடல் மறுபடி அசையத் தொடங்கியதற்கு அதுதான் அறிகுறி. சில மருத்துவமனைகளில் அதற்காகச் சூயிங்கம் மெல்லச் சொல்கிறார்கள். பாவ்லோவின் நாய்க்குச் செய்த அதே தந்திரம். விழுங்க ஒன்றும் இல்லை, ஆனால் மெல்லுவதைப் பார்த்துச் சாப்பாடு வருகிறது என்று குடல் நம்பிவிடுகிறது. சிசேரியனுக்குப் பிறகும் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். பெரிய அற்புதமெல்லாம் இல்லை. காற்று சில மணி நேரம் முன்னதாகப் பிரிகிறது. வயிறு உப்பிக் கிடக்கும் தாய்க்கு அந்தச் சில மணி நேரம் பெரிதுதான்.

பக்கவாதம் வந்து, மூக்குவழிக் குழாயில் கஞ்சி இறங்கும் அப்பாவின் நிலை இன்னும் கடினம். கூழ் நேராக வயிற்றுக்குப் போகிறது. நாக்குக்கும் மூக்குக்கும் எந்தத் தகவலும் இல்லை. ஒரே மூச்சில் ஊற்றாமல் மெதுவாக, தலைப்பக்கத்தை உயர்த்திவைத்துக் கொடுக்கச் சொல்வதற்கு, தயாராகாத வயிறு திணறும் என்பதும் ஒரு காரணம். பாசத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் பாயசத்தை வாயில் விடுவது ஆபத்து. புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் முடியும். வாயைத் தினமும் சுத்தம் செய்வது, சாப்பாட்டு நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது, "அப்பா, சாப்பிடுற நேரம்" என்று சொல்லிவிட்டு ஆரம்பிப்பது, இவற்றை வீட்டில் யாரும் செய்யலாம். நாக்கில் ருசி மட்டும் காட்டலாமா, எப்போது, எதை என்பதை, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் சிகிச்சையாளரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. நாள் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சி விழுங்கும் பலம் வந்திருக்காது. தாய்ப்பாலைக் கறந்து, மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குச் செலுத்துவார்கள். பால் இறங்கும் அந்தச் சில நிமிடங்களில், குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு அணைத்து, பால் கறந்த மார்பை வெறுமனே சப்பவிடுகிறார்கள் செவிலியர். வாய்க்கு ஒரு துளியும் வராது. இப்படிச் சப்பிப் பழகும் குழந்தைகள் குழாயை விட்டு வாய்வழிப் பாலுக்குச் சீக்கிரம் மாறுகின்றன, சீக்கிரம் வீட்டுக்கும் போகின்றன.